லாரி வந்துச்சா: தண்டையார்பேட்டை சந்தில் ஆறு கேமரா

2024 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை காலை 9.24க்கு எங்கள் சந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 14 வினாடி. கறுப்பு வெள்ளை. சந்து முனையில் ஒரு பைக் வந்து நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஓட்டிவந்தவனிடம் கொடுக்கிறாள். ஏதோ சொல்கிறாள், சிரிக்கிறாள். பைக் திரும்பிப் போகிறது. மேலே இடது மூலையில் தேதியும் நேரமும்: 20-10-2024, 00:41. வீடியோவுக்குக் கீழே ஒரு வரி: "நேத்து நைட்டு. நம்ம தெரு பாதுகாப்பு நம்ம கையில்."

61 பேர் இருக்கும் குழு. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். பொண்ணு யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்றும் எழுதாமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டேன்.

அதனால் இதை எழுதுகிறவன் வெளியாள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் கம்ப்யூட்டர் சர்வீஸ். அந்தக் கேமராக்களை எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கி வந்தவன் நான்தான். அவற்றை ஃபோனில் பார்க்க முடிந்த 11 பேரில் நானும் ஒருவன். பெயர்களை விட்டிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டொரு விவரங்களையும் விட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட பெண் இதைப் படித்துவிட்டு, ஓர் இடத்தில் திருத்தம் சொல்லி, சரி என்ற பிறகுதான் வெளியே வருகிறது.

சந்து

டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் ஹை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு வளைவு தாண்டி, ரயில்வே சுவரில் போய் முட்டும் சந்து. 42 வீடு. ஆட்டோ உள்ளே வந்தால் திருப்ப முடியாது, ரிவர்ஸில்தான் வெளியே போகணும். முனையில் சின்டெக்ஸ் தொட்டி, அடுத்து பெட்டிக்கடை, முதல் வளைவில் அடி பம்பு, அப்புறம் அம்மன் கோயில். கடைசியில் சுவரோரமாக ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஒரு வழி பக்கத்துத் தெருவுக்குப் போகும். விளக்கு கிடையாது.

பாதி வீடுகள் பத்துக்குப் பத்து. சமைக்கிற இடமும் படுக்கிற இடமும் அதற்குள்ளேயே. மீதி வாழ்க்கைக்குச் சந்துதான் இடம். விடிகாலை நாலரைக்கு நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் பம்பு அடிப்பார்கள். குழந்தையைப் படிக்கட்டில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவார்கள். சித்திரை, வைகாசியில் வாசலில் பாய் போட்டுத் தூங்குவார்கள். சாவு விழுந்தால் சாமியானா சந்தின் குறுக்கேதான். வேறு ஊரில், வேறு பேட்டையில் கதவுக்கு உள்ளே நடப்பதெல்லாம் இங்கே கதவுக்கு வெளியே நடக்கும். ஆனால் அது 'வெளியே' என்று எங்கள் யாருக்கும் தோன்றியது கிடையாது. லுங்கியோடு வாசலில் நிற்கிறவன் டி.எச். ரோட்டுக்குப் போகணும் என்றால் பேன்ட் மாட்டிக்கொண்டுதான் போவான். வீடு எங்கே முடிகிறது என்பதற்கு எங்களிடம் இருந்த கோடு அதுதான். பட்டாவில் இருக்கிற கோடு வேறு.

இந்தச் சந்தில் யாரும் யாரையும் பார்க்காமல் இருந்ததில்லை. கோயிலுக்கு எதிர்த் திண்ணையில் ஓர் ஆயா இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சுருக்குப் பையும் வெத்தலையுமாக. யார் எப்போது வந்தார்கள், யார் கையில் என்ன பை, எல்லாம் அதற்குத் தெரியும். பிறகு அதனிடம் இந்த விஷயத்தைப் பேசியபோது அது சொன்னது: "நான் பாத்தா அவளாண்டயே கேப்பேன். 'இன்னாடி இவ்ளோ நேரம்'னு. அவ எதுனா சொல்லுவா. அத்தோட முடிஞ்சிச்சு. நாலு நாள் போனா எனுக்கே நெனவு இருக்காது."

ஆயா பார்ப்பதை நாமும் பார்க்கலாம் என்பது இதில் முக்கியம். திண்ணையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம், முறைக்கலாம், ஒரு வெத்தலை வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

வைத்தது ஏன்

2023 தொடக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பைக் போனது. அடுத்த வாரம் முனையில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்த அக்கா கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வி, "கேமரா இருக்கா?" கேட்டதில் தப்பில்லை. சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்துத் தெருத்தெருவாக மக்களையே கேமரா போடச் சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. 2020இல் சர்ஃப்ஷார்க் என்ற வெளிநாட்டு நிறுவனம் உலக நகரங்களை ஒப்பிட்டு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னையை முதலிடத்தில் வைத்தது. ஹைதராபாத்தையும் சீன நகரங்களையும் தாண்டி முதலிடம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குழுவில் கைதட்டல் பொம்மைகள்தான் வந்தன.

வீட்டுக்கு 700 ரூபாய். 29,400 சேர்ந்தது. ஆறு கேமரா, படத்தைப் பதிவு செய்கிற எட்டு சேனல் டிவிஆர் பெட்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஒயர், ஏணிக்காரர் கூலி, வடை டீ. பெட்டியைப் பெட்டிக்கடையில் பிஸ்கட் டின்னுக்கு மேலே வைத்தோம். ஏழாவதாக ரயில்வே சுவர் பக்கம் ஒன்று வைக்க நினைத்து, ஒயர் பத்தாமல் விட்டுவிட்டோம்.

பலன் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அதற்குப் பிறகு ஒரு பைக்கும் போகவில்லை. ஒருநாள் விடியலில் பம்படியில் வழுக்கி விழுந்த பெரியம்மாவை, நைட் ஷிஃப்டில் இருந்த அவர் பேரன் ஃபோனில் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டை எழுப்பினான். கேமராவை எடுத்துவிடலாம் என்று இன்றைக்கும் இந்தச் சந்தில் ஒருவரும் சொல்வதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

லாரி

முதலில் மூன்று பேர் ஃபோனில்தான் கேமராவைப் பார்க்கிற ஆப் இருந்தது: கடைக்கார அக்கா, கோயில் கணக்குப் பார்ப்பவர், நான். மூன்று எப்படிப் பதினொன்று ஆனது என்பதற்குக் காரணம் திருடன் இல்லை. தண்ணி லாரி.

முதல் கேமரா சின்டெக்ஸ் தொட்டியைப் பார்த்தபடி இருந்தது. வெயில் காலத்தில் லாரி எப்போது வரும் என்று தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓர் ஆள் காத்திருக்கணும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் என்னிடம் ஃபோன் போட்டு "அண்ணா, லாரி வந்துச்சா பாருண்ணா" என்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஃபோன். எரிச்சலில் ஒருநாள் ஒருவருக்கு ஆப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைக் காட்டினால் போதும்; யூசர் நேம் 'அட்மின்', பாஸ்வேர்டு எங்கள் பின்கோடு. அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். குப்பை வண்டி, சிலிண்டர், ஸ்கூல் வேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான தேவை இருந்தது.

தொட்டியைப் பார்க்கக் கொடுத்த சாவியில் ஆறு கேமராவும் திறந்தது. நேற்றைக்கு, முந்தாநாளைக்கு நடந்ததும் திறந்தது. தனித்தனி யூசர் போட்டு, 'இவருக்கு முதல் கேமரா மட்டும், பழைய பதிவு கிடையாது' என்று அமைக்கிற வசதி அதே பெட்டியில் இருக்கிறது. பத்து நிமிட வேலை. தொழில் தெரிந்த நான் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் சோம்பல்.

சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன, அப்போது கவனிக்கவில்லை. பையன்கள் கேரம் போர்டைக் கோயில் முன்னாலிருந்து இரண்டாவது வளைவுக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போனார்கள். பம்படியில் நாலரைக்குக் கேட்கிற சிரிப்பு குறைந்தது. மூன்றாவது கேமரா நேரே பம்பின் தலைக்கு மேல். ஓர் அக்கா என் மனைவியிடம் சொன்னாளாம், "ஆறு மாசமா துப்பட்டா போட்டுத் தண்ணி அடிக்கிறேன்." என் மனைவி இதை என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றால், "நீங்களும்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

அந்த ஞாயிறு

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 31. அதற்கு முந்தின சனிக்கிழமைகளில் அந்த ரோட்டில் நடக்கவே முடியாது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி கூட வேலை செய்கிற பையன் முனைவரை கொண்டுவந்து விட்டிருக்கிறான். பத்தேகாலுக்குக் கதவைத் திறந்துவிட்டது அவள் அம்மா. ரசம் சாதம் போட்டதும் அம்மாதான்.

வீடியோ சொன்னது 12.41.

"பத்தேகாலுக்கு நான்தான் கதவத் தொறந்தேன்" என்று அம்மா பம்படியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மூடி மறைக்கிறாள் என்றார்கள். வந்துவிட்டு மறுபடி கிளம்பிப் போயிருப்பாள் என்றார்கள். உடை வேறு இன்னொரு சாட்சியாகிவிட்டது: கடை யூனிஃபார்ம் கருநீலச் சுடிதார், வீடியோவில் இருப்பது வெள்ளை. அப்படியானால் எங்கேயோ போய் மாற்றியிருக்கிறாள்! அப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் துறைமுக வரிசையில் வண்டியோடு காத்துக்கொண்டிருந்தவருக்கு யாரோ அதே வீடியோவை அனுப்பினார்கள். அவர் பெண்டாட்டிக்கு ஃபோன் போட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நீயும் சேந்துதான் மறைக்கிறியா?"

இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் வார்த்தை, பிஸ்கட் டின் மேல் இருக்கிற பெட்டி காட்டிய நான்கு எண்களிடம் தோற்றது.

பெட்டியைத் திறந்தபோது

திங்கள் சாயந்திரம் அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து, "தம்பி, நான் பொய் சொல்றேன்றாங்க. நீயே அந்தப் பொட்டியப் பாரு" என்றார். கடை மூடின பிறகு போய் உட்கார்ந்தேன்.

டிவிஆர் பெட்டிக்குள் ஒரு நாட்குறிப்பு இருக்கும். யார் நுழைந்தார், எதைப் போட்டுப் பார்த்தார், எதை இறக்கினார் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகும். வீடியோவை எடுத்தவர் யார் என்று பார்க்கத்தான் திறந்தேன். எல்லா வரியிலும் 'அட்மின்'. பதினொரு பேரும் பெட்டிக்கு ஒரே ஆள். குழுவில் போட்டவரைக் கேட்டால், எனக்கு வந்தது, நான் ஃபார்வர்டு செய்தேன் என்றார். இன்றுவரை முதலில் எடுத்தது யார் என்று தெரியாது.

ஆனால் ஒன்று இடித்தது. அந்த 14 வினாடியை இறக்கிய நேரம் நாட்குறிப்பில் 11.52 என்று இருந்தது. குழுவில் வந்ததோ 9.24. இறக்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னாலேயே எப்படி அனுப்ப முடியும்? திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டரை மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டரை மணி என்றதும் தொழில்காரனுக்குப் புரிந்துவிடும். நம் நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி முன்னே. பெய்ஜிங் நேரம் எட்டு மணி முன்னே. வித்தியாசம் இரண்டரை. அந்த வாரம் 15ஆம் தேதி பெய்த பேய்மழை சென்னையில் யாருக்கும் மறந்திருக்காது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெட்டி நின்றுவிட்டது. 17ஆம் தேதி மெக்கானிக் பையன் வந்து ரீசெட் அடித்து ஓடவிட்டுப் போனான். அது தொழிற்சாலையில் இருந்தபோது வைத்த அமைப்புக்குத் திரும்பி, நெட்டிலிருந்து நேரத்தை ஒழுங்காக எடுத்து, சீனாவின் மணியைக் காட்ட ஆரம்பித்திருக்கிறது. நான்கு நாளாக எங்கள் சந்து பெய்ஜிங் நேரத்தில் வாழ்ந்திருக்கிறது. லாரி பார்ப்பவர்களுக்கு லாரி தெரிந்தால் போதும், மூலையில் இருக்கிற எண் எதற்கு?

00:41 கழித்தல் இரண்டரை: முந்தின இரவு 10.11.

வெள்ளைச் சுடிதாருக்கும் விடை இருந்தது. மழையில் முனை டியூப்லைட் போய்விட்டது. இருட்டானால் இந்தக் கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அடித்துப் படம் பிடிக்கும். சிந்தெடிக் துணியின் அடர்நிறச் சாயங்கள் பல அந்த வெளிச்சத்தை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பும் கருநீலமும் வெளுத்துத் தெரியும். என் மகனின் கருநீல ஸ்கூல் பேன்ட்டைக் கேமரா முன்னால் பிடித்துப் பார்த்தேன். திரையில் பால் வெள்ளை.

நீதிமன்றத்தில் இதே வீடியோ போயிருந்தால் இப்படி நுழைந்திருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பவரிடம் சான்று கேட்கிறது: எந்தக் கருவி, யார் பொறுப்பில் இருந்தது, அந்தச் சமயத்தில் ஒழுங்காக வேலை செய்ததா, கோப்பை மாற்றவில்லை என்று காட்டுகிற ஹாஷ் எண் என்ன. பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போடணும். திருடனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை எங்கள் சந்துப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கிடைக்கவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். திரையையும் கைக்கடிகாரத்தையும் சேர்த்து ஃபோட்டோ எடுத்து, பேன்ட்டையும் ஃபோட்டோ எடுத்து, பெய்ஜிங் கணக்கை விளக்கிக் குழுவில் நீளமாகப் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன. "ஓகே அண்ணா" வந்தது. ஒருவர் கேட்டார்: "சரி, பத்து மணிக்கு பைக்ல கொண்டாந்து உட்டது யாரு?"

மறுநாள் அந்தப் பெண் கடைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, எங்கம்மா பொய் சொல்லலன்னு காட்டுன, அது சரி. எனக்கு நல்ல பேர் வாங்கித் தர்றேன்னு எதுக்குண்ணா கெளம்புன? நான் பன்னெண்டே முக்காலுக்கே வந்திருந்தா என்ன? அப்ப அந்த வீடியோவ அனுப்புனது சரியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை நான் நேரம் தப்பு என்றுதான் நிரூபித்துக்கொண்டிருந்தேன். பார்த்தது தப்பு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. என் விளக்கமும் அவளைப் பற்றிக் குழுவில் வந்த இன்னொரு செய்திதான். அதிலும் அவளைக் கேட்காமல் போட்டது. (திருத்தம் சொன்ன இடம் இதுதான். நான் முதலில் 'அழுதுகொண்டே கேட்டாள்' என்று எழுதியிருந்தேன். "நான் எங்கண்ணா அழுதேன்?" என்றாள். உண்மைதான், அழவில்லை.)

சட்டம் எங்கே நிற்கிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில் வந்த தீர்ப்பு. அது முதன்மையாக அரசை நோக்கிப் பேசுகிற உரிமை. பெட்டிக்கடை டிவிஆருக்கு அது எப்படி இறங்கிவரும் என்பது வக்கீலுக்கே சோதனை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. 42 வீடு காசு போட்டு வாங்கிய பெட்டி எந்த வீட்டுத் தேவை? அந்தச் சட்டத்தின் விதிகள் வந்ததே 2025 நவம்பரில். பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்.

எங்களுக்குக் கொஞ்சம் கிட்டே வருவது வேறொன்று. ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணன் தம்பி தகராறில், கூடக் குடியிருப்பவரின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைக்கக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் குடியிருக்கும் பகுதி எங்கே முடிகிறது? கல்கத்தா வீட்டில் சுவரோடு. எங்கள் பம்படியில்?

வெளியிலிருந்து உள்ளே வருகிறவன் கதை தனி. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கியபோது, தாக்கியது பெரும்பாலும் இதுபோன்ற கேமராக்களும் டிவிஆர்களும்தான். தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. அவற்றுக்குள் புகுந்து ஆட்டிவைத்த கம்ப்யூட்டர் கிருமிக்கு மிராய் என்று பெயர். 2024 மே மாதம் தமிழ்நாடு போலீசின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்தார். கசிந்த பாஸ்வேர்டு ஒன்றுதான் வழி. எங்கள் பின்கோடு எந்த மூலைக்கு?

கூட்டம்

அக்டோபர் 27, கோயில் முன்னால் உட்கார்ந்தோம். மூன்றாவது கேமராவை அணைக்கச் சொல்லி எல்லோரும் அதிசயமாகப் பார்க்கும்படி முதலில் பேசியது அந்த ஆயாதான். "பொம்பளைங்க தண்ணி அடிக்கிற எடத்துல கண்ணு எதுக்குடா உங்களுக்கு?"

ஆப் எல்லா ஃபோனிலிருந்தும் எடுக்கப்பட்டது, என்னுடையதிலிருந்தும். இப்போது பார்க்க முடிந்தது இரண்டு பேர்: கடைக்கார அக்கா, மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். ஆளுக்கு ஒரு தனி யூசர். பழைய பதிவு பார்க்கணும் என்றால் ஒரு நோட்டில் பெயர், தேதி, காரணம் எழுதி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்க்கணும். வீடியோவைக் கொடுப்பது போலீஸ் எழுத்தில் கேட்டால் மட்டும்.

பம்பு கேமராவை அணைக்கவில்லை, திருப்பினோம். மற்றதில் வாசல்களை மறைத்தோம். பெட்டியிலேயே அதற்கு வசதி உண்டு. திரையில் மவுசால் கறுப்புக் கட்டம் வரைந்தால் அந்த இடம் பதிவே ஆகாது. ஒரு கேமராவுக்கு நான்கு கட்டம்தான். எந்த நான்கு வாசல் என்பதில் ஒரு மணி நேரம் சண்டை. என் வாசலை மறைக்காதே, என் பைக் அங்கேதான் நிற்கிறது என்று மூன்று வீட்டுக்காரர்கள். ஒரே வாசலில் மருமகள் மறை என்கிறாள், மாமனார் வேண்டாம் என்கிறார். அந்த வாசலுக்குப் பாதிக் கட்டம் வரைந்து கொடுத்தேன். படிக்கட்டு கறுப்பு, பைக் தெரியும்.

லாரி விஷயம்தான் கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தது. "அப்ப தண்ணிக்கு நான் லீவு போட்டு நிக்கணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. முதல் கேமராவைத் தொட்டி மட்டும் தெரிகிற மாதிரி இறக்கி, அதற்கென்று ஒரு தனி யூசர் போட்டேன். பழைய பதிவு திறக்காது. இப்போது 30 பேர் ஃபோனில் அது இருக்கிறது. முப்பது பேரும் ஒரு நீலத் தொட்டியைப் பார்க்கிறார்கள். 2023இல் பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை.

கூட்டத்துக்குப் பிந்தின ஒரு வருடத்தில் நோட்டில் ஒன்பது பதிவுகள். உரசிப்போன வண்டி, காணாமல்போன ஆடு, மாறிப்போன சிலிண்டர். ஒன்றைக் கண்டக்டர் சிவப்பில் அடித்து 'அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கிறார். காரணம் என்ற இடத்தில், "என் வூட்டுக்காரரு எத்தினி மணிக்கு வந்தாருன்னு பாக்கணும்."

அந்தப் பெண்ணின் வேலை போகவில்லை. கொஞ்ச நாளைக்கு நிற்கச் சொன்னார் அப்பா. தீபாவளி போனஸ் போய்விடும் என்று அவள் நிற்கவில்லை. கூட வேலை செய்யும் பையன் அதற்குப் பிறகு கொண்டுவந்து விடுவதில்லை. பக்கத்துத் தெருவில் ஷேர் ஆட்டோ இறக்கிவிட, ரயில்வே சுவரோரம் இருட்டில் நடந்து வருகிறாள். ஏன் முனை வழியாக வரவில்லை என்று அவள் அம்மா கேட்டதற்கு, அந்தப் பக்கம் கேமரா இருக்கிறது என்றாளாம்.

அன்றைக்குக் கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. வீடியோவை எல்லோரும் அழிப்பது. பெட்டியில் பத்து நாளுக்கு மேல் எதுவும் நிற்காது. 1 டிபி நிரம்பினதும் பழசின் மேல் புதுசை எழுதிக்கொண்டு போகும். மாதக் கடைசியில் அங்கே அது தானாகப் போய்விட்டது. ஃபோன்களில் இருந்ததை அவரவர் அழிக்கணும். எல்லோருக்கும் முன்னால் முதலில் அழித்துக் காட்டியவன் நான்.

2025 தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வெந்நீர் காயட்டும் என்று வாசலில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தேன். 'ஒரு வருடத்துக்கு முன் இதே நாள்' என்று பாட்டோடு ஒரு நினைவுத் தொகுப்பைச் செய்து வைத்திருந்தது. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் தானாக ஆன்லைனில் ஏறிக்கொள்ளும்படி எப்போதோ நான்தான் அமைத்திருந்தேன். அழித்தது ஃபோனில் இருந்ததை மட்டும். முதல் படம் என் மகன். இரண்டாவது, மழையில் சாய்ந்த கோயில் வேப்பங்கிளை. மூன்றாவதாக ஓடியது அது: வெள்ளை உடையில் ஒரு பெண் பைக்கிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கொடுத்து, சிரிக்கிறாள். மூலையில் 00:41.